அட்டை மேடு

என்னங்க,

நம் மகளின் படத்தை ஆல்பத்திலிருந்து பெயர்த்துவிட்டீர்கள். "இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவ சோலி நமக்கெதுக்கு? பக்கம் சுத்தமாக் கெடக்கட்டும்" என்று வேறு சொன்னீர்கள்.

சுத்தமாகவில்லை. எல்லோரையும் தாளோடு ஒட்டிய நான், அவளுக்கு மட்டும் அடியில் அட்டைத் துண்டுகளை அடுக்கி உயர்த்தியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அட்டையை அடுக்கிப் பெருமாள்மலையைச் செய்து காட்டுவேனே, அதே மாதிரி. நீங்கள் பிய்த்தது படத்தைத்தான். மேடு அங்கேயே இருக்கிறது. தடவிப் பாருங்கள் என்று சொல்லவும் எனக்கு இப்போது பொறுமையில்லை.

நிறைமாதமாக இருக்கிற நம் மகள், அம்மா பக்கத்தில் வேண்டுமென்கிறாள். ஆல்பத்தோடு அவள் ஊருக்கு, பூம்பாறை பஸ் ஏறுகிறேன். ரசம் அடுப்படியில் இருக்கிறது.

அந்த மேட்டின்மேல் அவளையும் பிள்ளையையும் சேர்த்து ஒட்டிய பிறகுதான் திரும்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா