முதலமைச்சர் மாளிகையில் பட்டுப்போன எட்டுப் பனைகள் குறித்து எழுதிய ஓலை

செவ்வாற்று நாடு செழிக்க. கோல் கோணாதிருக்க. மாரி பருவம் தவறாதிருக்க.

மூவரையர் குலத் தோன்றலும், ஏழ்மலைக் காவலரும், மன்னர் பெருமானின் வலக்கையும் ஆகிய முதலமைச்சர் நிலந்தரு அதிராயர் திருமுன், அரச மனைத்தோட்டக் கண்காணி, கள்ளிமேட்டுப் பனையேறி கூத்தன் மகள் சிவப்பி விடுக்கும் ஓலை. தங்கள் மாளிகை நலமா? தேவியார் நலமா? கிணற்று நீர் இனிக்கிறதா? தோட்டம் நலமா என்று மட்டும் கேட்கமாட்டேன். அதை நேற்று நேரில் பார்த்துவிட்டேன்.

இவ்விடத்தில் 'அடியாள்' என்று எழுதுவது வழக்கம். என் குடியில் எழுத்தாணி பிடித்த முதல் கை என்னுடையது. அரச கல்விச்சாலையில் ஆறாண்டு அந்தச் சொல்லையும் எழுதிப் பழகினேன். இன்று எழுத வரவில்லை. பொறுத்தருள்க, அல்லது பொறாதிருக்க.

சென்ற ஐப்பசியில், புதுமாளிகைத் தோட்டத்துக்கு எம்மரம் தகும் என்று தாங்கள் வினவினீர்கள். விரைவில் நிழலும் அழகும் வேண்டுமாயின் கிணற்றுக் கழிநீர் ஓடும் பக்கமாகக் கமுகு வைக்கலாம் என்றும், தென்னைக்குச் சுவரிலிருந்து பத்து முழமாவது தள்ளிக் குழி எடுக்க வேண்டும் என்றும், கூந்தற்பனை பார்வைக்கு நன்று, ஆனால் காய் தோலில் பட்டால் அரிக்கும், ஆகவே பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்துக்கு ஆகாது என்றும் விண்ணப்பித்தேன். பனை வேண்டுமாயின் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்துக் காத்திருக்க வேண்டும். அது ஆணா பெண்ணா என்று தெரியவே பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்றும் சொன்னேன். தாங்கள் சிரித்தீர்கள். தைத் திங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வாயிலின் இருபுறமும் வளர்ந்த பனைகளே நிற்க வேண்டும் என்று ஆணையிட்டீர்கள்.

வளர்ந்த பனையைப் பெயர்த்தால் பிழைக்காது. இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், கள்ளிமேட்டிலிருந்து எட்டு மரம் எடுக்கும் ஓலையில் நான்தான் முத்திரை வைத்தேன். பதவிக்கு வந்து மூன்றே திங்கள் ஆகியிருந்தது. பயந்தேன். இதற்கு வேறு அழகான சொல் எதையும் கல்விச்சாலையில் எனக்குக் கற்றுத் தரவில்லை.

தங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு வந்த அன்று, ஊரார் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்களாம். ஓலையை விரித்துக் காட்டியதும் என் அண்ணன் மனைவி வெள்ளச்சியே கூட்டத்தை விலக்கியிருக்கிறாள். "நம்ம பொண்ணு முத்திரை வச்சிருக்கா. காரணம் இல்லாமலா வைப்பா? வழி விடுங்கப்பா" என்றாளாம். விழுந்த எட்டில் மூன்று அவள் வீட்டுக்குச் சோறு போட்ட மரங்கள்.

வண்டியில் ஏற்றத் தோதாக வேரை முழ நீளத்துக்கு நறுக்கினார்கள். நட்ட பின் நாள்தோறும் இருபது குடம் நீர் ஊற்றினார்கள். பனை உடனே சாவதில்லை. உடம்பில் சேர்த்து வைத்ததைத் தின்று கொஞ்ச நாள் நிற்கும். அந்தப் பச்சையைப் பார்த்துத் தங்கள் காரியக்காரர் அணுக்கராயருக்குப் பட்டாடை போர்த்தினீர்கள். நேற்று நான் ஏணி வைத்து ஏறி, ஒரு மரத்தின் குருத்தைப் பிடித்து இழுத்தேன். அழுகிய நாற்றத்தோடு அது கையோடு வந்துவிட்டது. பனைக்கு ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் போயிற்று. எட்டும் அப்படியே.

கீழே நின்ற அணுக்கராயர் சொன்னது: "செத்தா என்ன, வேற கொண்டு வந்து நட்டாப் போச்சு. பனையேறி மகளுக்குப் பனைன்னாத்தான் பொத்துக்கிட்டு வருது!" பிறகு, கள்ளிமேட்டில் மீதமுள்ள இருபதையும் பெயர்க்கும் ஓலையை என்னிடம் நீட்டி, மறுநாள் வெயில் ஏறுமுன் முத்திரை வைக்கச் சொன்னார்.

அதை வாங்கிக்கொண்டு கள்ளிமேட்டுக்குப் போனேன். இது பங்குனி, பதநீருக்குப் பாளை சீவும் பருவம். பதினொரு வீட்டுக்கு இருபது மரம். வெள்ளச்சி வீட்டில் கலயங்கள் கவிழ்த்து வைத்தபடி கிடந்தன. என்னைக் கண்டதும் அவள் எழவில்லை. "வாங்க கண்காணியம்மா, இன்னைக்கு எத்தனை மரம்?" என்றாள். என்னை அவள் 'அடியே' என்றுதான் இதுவரை கூப்பிட்டிருக்கிறாள்.

ஆகவே இப்போது எழுதுவதைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த இருபதும் பொதுநிலத்து மரம், கேட்பாரில்லை என்பது அணுக்கராயர் வாதம். மூன்றாண்டுக்கு முன் புதுக்கால்வாய் தங்கள் மாந்தோப்பின் குறுக்கே வரவிருந்தபோது, மனைத்தோட்டம் என்று குறிக்கப்பட்ட நிலத்து மரத்தை வீட்டார் இசைவின்றி மன்னரும் தொடலாகாது என்ற சட்டத்தைத் தாங்களே இயற்றினீர்கள். எது மனைத்தோட்டம் என்று குறிக்கும் உரிமையைக் கண்காணிக்குத் தந்தீர்கள். குறித்ததைப் பின்வரும் கண்காணி மாற்றலாகாது என்றும் சேர்த்தீர்கள். அப்போது கண்காணியாக இருந்தவர் தங்கள் மைத்துனர். இப்போது நான்.

எனவே ஆணை: கள்ளிமேட்டில் இருபது பனைகளும் நிற்கும் நிலம், இன்று முதல் அவ்வூர்ப் பதினொரு வீட்டாரின் மனைத்தோட்டம் எனக் குறிக்கப்பட்டது. எல்லைக்கல் நட்டாயிற்று. இவ்வாணையின் படி ஒன்று ஊர் மன்றிலும் அறங்கூறவையிலும் வாசிக்கப்பட்டது. வெள்ளச்சி முன்வரிசையில் நின்று கேட்டாள்.

நாளை என்னை நீக்குவீர்கள். நீக்குக. இச்சட்டத்தை மீறி அம்மரங்களின் தூரில் மண்வெட்டி வைக்கும் கை எதுவாயினும், அக்கைக்கு உரியவர் அறங்கூறவையில் நின்று விடை சொல்லக் கடவர். அக்கை மன்னர் பெருமானின் வலக்கையே ஆயினும்.

பங்குனித் திங்கள் பதினோராம் நாள், முற்பகலில், என் கையால் முத்திரையிட்டேன்.