இருபது அடி

பிரியமுள்ள உனக்கு,

நீ வண்டியோடு போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் நலம். அறுவடை வண்டியின் முன்னால் மாட்டப் பதினான்கு அடி அகலத்தில் கதிர் அறுக்கும் கட்டர் பார் போதும் என்றேன், தலையாட்டினாய். மெக்கானிக் வந்து, "இருபது போடுங்க" என்றதும் அதையே வாங்கினாய். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை நீ அறுக்கும் வயலுக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. அகலம் கூடினால் வண்டி திணறும், மணியெல்லாம் பின்னால் கொட்டும் என்று அடித்துச் சொன்னவன் நான் அல்லவா? அறுத்த தடத்தில் குனிந்து தேடினேன். ஒரு கைப்பிடி மணிகூடத் தேறவில்லை. அடுத்த தடத்திலும் போய்த் தேடினேன்.

வண்டி நிழலில் நீயும் அந்த மெக்கானிக்கும் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இருபதுன்னு எப்படிங்க கரெக்டா சொன்னீங்க?" என்று கேட்டாய்.

"நானா சொன்னேன்? பயிர் எவ்வளவு அடர்த்தி, எந்த வேகத்துல ஓட்டுவீங்கன்னு உங்களைத்தானே கேட்டேன்!"

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது!

வண்டி ஓட்டுகிறவள் நீ. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நம் வாசல் கேட் பதினெட்டு அடிதான். கட்டர் பாரைக் கழற்றாமல் வண்டி உள்ளே வராது. அதனால் நேற்று ஒரு தூணை இடித்துவிட்டேன். நேராக ஓட்டி வா. கழற்றித் தர அவன் கூட வர வேண்டியதில்லை.

உன் வீட்டுக்காரன்