ஒரு ஆளுக்கான சாம்பார்

ஐப்பசி 14, புதன்

மழை விடவில்லை. வத்தல் காயவைக்க வாங்கிய மெஷின் பத்து நாளாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் ஆபரேஷனை வைத்துக்கொண்டு வசந்தா பீன்ஸ், கேரட், வெந்த பருப்பு எல்லாவற்றையும் உலர்த்திப் பாக்கெட் போடுகிறாள். "வீட்டுக்கு வந்தாலும் ஒரு மாசம் அடுப்புக்கிட்ட நிக்க முடியாதுல்ல," என்றாள். நானும் காந்தி மார்க்கெட்டிலிருந்து காய் வாங்கி வந்து கொட்டிக்கொண்டிருந்தேன், மடையன்.

இன்று மத்தியானம் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "நீங்களே பண்ணுங்க, நான் தொட மாட்டேன்," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பாக்கெட்டைப் பிரித்து, வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடம் மூடி வைத்தேன். சுருங்கிக் கிடந்த காய்கள் உப்பி, சாம்பார் ஆகிவிட்டது. ஒரு தட்டுக்குத்தான் இருந்தது.

மற்ற பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதே அளவு. எல்லாவற்றிலும் 'ஒரு வருஷம் இருக்கும்' என்று எழுதியிருந்தாள்.

"என்ன, எல்லாமே ஒரு ஆளுக்குத்தான் இருக்கு?"

"பெரிசா கட்டினா பிரிச்சதும் நமுத்துப் போயிடுங்க," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தென்னூர் ஆஸ்பத்திரியில் நான் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் டாக்டர் அவளிடம் என்ன சொன்னாரோ. சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

"அப்பாடா, கத்துக்கிட்டீங்க," என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிக் கெடுத்திருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பது வருஷம் ஒரு காபி போடத் தெரியாதவனுக்கு இன்றைக்கா சரியாக வர வேண்டும்.