கரைக்கு வந்து பேசலாம் என்றாயே

என் செல்ல அப்பாவுக்கு,

புதுச்சேரி வாழ் பொதுமக்களுக்கும், கண்ணுக்குத் தெரியாமல் போனவர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு ரூட்டர் இன்று முதல் டிவி மேலிருந்து பீரோ உச்சிக்குப் பதவி உயர்வு பெற்றுள்ளது. உன் படத்துக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாக எடுக்கிறது.

இன்னொரு சேதி. நானும் வலை போடுகிறவன் ஆகிவிட்டேன், மீன் விழாத வலை. பள்ளிக் கண்காட்சிக்கு வீடியோ கால் புரோகிராம் ஒன்று எழுதியிருக்கிறேன்.

நீ போட்டிலிருந்து கூப்பிடும்போது, முகத்துவாரம் தாண்டியதும் படம் நிற்கும், பின்னாலேயே குரலும் அறுந்துபோகும். ஞாபகம் இருக்கிறதா? லைன் மெலிந்த பிறகும் பெரிய படத்தையே அதில் திணிப்பதால் வரும் வினை அது. என் புரோகிராம் நொடிக்கு நொடி பார்க்கும், அனுப்பியதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எவ்வளவு தொலைந்தது என்று. தொலைந்தால் சட்டென்று படத்தை மங்கலாக்கிவிடும். சரியானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். முகம் கட்டம் கட்டமாகப் போனாலும் குரலை மட்டும் விடாது.

நேற்று உன் போட்டிலேயே சோதித்தோம். சித்தப்பா ஓட்ட, என் வகுப்பு ரஃபி போனோடு ஏறினான். நான் துறைமுகத்தில் நின்றேன். முகத்துவாரம் தாண்டியும் பேசினான்.

"டேய், உன் மூஞ்சி இப்பத்தான்டா அழகா இருக்குது. ஒண்ணுமே தெரியல!"

"என் கால் நிக்கவே நிக்காதுடா!" என்று துள்ளினேன்.

"சரிடா, கரைக்கு வந்து பேசிக்கிறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். என்னால் அசைய முடியவில்லை.

"இன்னாடா, நின்னுபோச்சா?"

அவன் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியாக நீ கூப்பிட்டபோது, "இன்னாடா, கணக்குல எவ்ளோ?" என்று கேட்டாய். நான் வாயைப் பிளந்தபடி சிலையாகிவிட்டேன். "தோ, நின்னுட்டான் பாரு. சரி, கரைக்கு வந்து பேசிக்கிறேன்" என்று வைத்தாய். அன்றே நடுக்கடலில் உன் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டுதான் கரைக்கு வந்தார்கள்.

அன்று சிக்னல் போகவில்லை அப்பா. முழுசாக இருந்தது. மார்க்கைச் சொல்லப் பயந்து, படம் நின்றதுபோல் நடித்தேன். நீ இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாயா? நிற்காத கால் எழுதிய மேதாவி, கண் சிமிட்டாமல் உன் காலை நிறுத்தியவன்.

இனி யார் கூப்பிட்டாலும், எதைக் கேட்டாலும், நடிக்காமல் பதில் சொல்வேன். முதல் பதில் உனக்கு. நூற்றுக்கு இருபத்தொன்று.

இப்போது அசைகிற,
உன் மூத்த புள்ள