நான்கு பக்கத்தில் உன் அப்பா

அன்பு மகனுக்கு,

நானும் உன் தங்கையும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அப்பா போன பிறகும் அவருடைய தையல் இயந்திரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருடைய நோயைப் பற்றி நீ எழுதியது மருத்துவ இதழில் வந்துவிட்டது என்று பெருமையாகக் கட்டுரையின் விவரத்தை ஒரே வரியில் அனுப்பியிருந்தாயே, அதை வைத்துக்கொண்டு முழித்தேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே என்று தங்கையிடம் காட்டினேன். முதல்ல எழுதினவங்க பேரும்மா, அண்ணன் பேருதான் முன்னாடி, அவன்தான் ரொம்ப உழைச்சிருக்கான் என்றாள். ஆறு பெயர்களுக்குப் பிறகு 'மற்றும் பிறர்' என்று இருந்தது. அந்தப் பிறரில் அப்பா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னதும் சிரித்துவிட்டாள். அதுவும் டாக்டருங்கதாம்மா, நோயாளி பேரைப் போடக் கூடாது, அது அவருக்குக் குடுக்கிற மரியாதை என்றாள். இருக்கட்டும். அடுத்து தலைப்பு. அதில் அவர் 'அறுபத்து மூன்று வயது ஆண்'. பிறகு இதழின் பெயர், பாதியில் வெட்டிய சொற்களாக. பிறகு ஆண்டு, தொகுதி எண், அந்தத் தொகுதியில் எத்தனையாவது இதழ் என்பது அடைப்புக்குறிக்குள். கடைசியில் பக்கம், 212 முதல் 215 வரை. நான்கு பக்கம். அவர் படுத்திருந்த காலம் முழுக்க நீ அவருக்கு நான்கு வரி எழுதவில்லை.

வந்தாய், அது உண்மை. இறுகிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தாய். நீ அறையை விட்டுப் போனதும், பையனுக்கு எம்மேல எவ்வளவு பாசம் பாத்தியா, கையை விடவே இல்ல என்றார். இப்போது அந்தப் படங்களை வைத்து இரண்டாவது கட்டுரை, அம்மா சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறாய். முகம் தெரியாது, யாருக்கும் அடையாளம் தெரியாது என்கிறாய். எனக்குத் தெரியுமே. இதே நோய் வந்த வேற யாருக்காவது உதவுமேம்மா என்று தங்கை உனக்காகப் பேசினாள். உதவட்டும், அந்த நான்கு பக்கம் உதவட்டும். இதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை, நன்றாக இரு. மறக்காமல் ஒன்று மட்டும் செய். அந்தப் படங்களை எனக்கு அனுப்பு. அவர் கை தெரிகிற படம் இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இப்படிக்கு,
அம்மா