இவாலுவின் இரண்டு விரல்கள்

பள்ளி விடுதி, ஆசியாட் தீவு
பிப்ரவரி 2, 1994

என் அன்பு அக்கா இவாலுவுக்கு,

நீ அனுப்பிய காய்ந்த மீன் கிடைத்தது. அறைத்தோழி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள்.

இன்று வகுப்பில் பனிக்கட்டி மிதந்த வாளிக்குள் எல்லோரும் கைவிட்டோம். குளிர்ந்ததும் விரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். விரல் வெளுத்து வலிக்கும். பிறகு தானாகவே திறந்து சூடான இரத்தம் பாயும். குளிரில் பழகிய கைகளில் சீக்கிரமே திறக்குமாம். என் விரல்கள்தாம் முதலில் சிவந்தன! "மீனவர் வீட்டுப் பெண்ணா?" என்றார் ஆசிரியர். உன் கை என்றால் வாளியே கொதித்திருக்கும்.

பனிவண்டிப் பந்தயத்துக்கு உன் நாய்கள் தயாரா?

உன் நவரானா

உம்மன்னாக்
பிப்ரவரி 14

புத்தகப் பூச்சிக்கு,

வாளியில கை விடறதுக்கா உன்னைக் கடல் தாண்டி அனுப்பினோம்? இங்கயே விட்டிருக்கலாம், செலவு மிச்சம்.

நாய்ங்க நல்லா ஓடுது. ஆனா ஓடறப்போ குறுக்க மறுக்கத் தாண்டி, கயித்தையெல்லாம் சடை மாதிரி பின்னிடுது. கையுறையோட அந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா? ஒரு நல்ல சங்கதி: இடது கையில கடைசி ரெண்டு விரலும் இப்ப வலிக்கறதே இல்ல. வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் உக்காந்தாலும் வலிக்கல. இனி பந்தயத்துல எவன் என்னைப் பிடிப்பான்? அப்பாகிட்ட மூச்சு விடாதே, நிறுத்திடுவார்.

அக்கா

ஆசியாட்
பிப்ரவரி 22

அன்பு அக்கா,

உன் பெயரைச் சொல்லாமல் ஆசிரியரிடம் கேட்டேன். பழகிய விரலும் வலிக்கும், பிறகு சிவக்கும். அடுப்பருகிலும் உணர்வில்லாத விரல் பழகிய விரல் இல்லை, செத்துக்கொண்டிருக்கும் விரல் என்றார்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "சரி, வை" என்றார்.

திட்டு அக்கா. ஆனால் எழுது.

நவரானா

ஆசியாட்
மார்ச் 10

அக்கா,

தபால் ஹெலிகாப்டர் இரண்டு முறை வந்துபோனது. உன் கடிதம் இல்லை. நானே பின்னிய கையுறை அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரல் கோணலாக வந்துவிட்டது.

நவரானா

உம்மன்னாக்
ஏப்ரல் 3

நவரானா,

கையுறை வந்துச்சு.

பந்தயத்துக்கு என் நாய்களை மாமா பையன் ஊசார்க் கிட்ட கொடுத்தார் அப்பா. நான் கூட்டத்துல நின்னேன். அவன்தான் முன்னால வந்தான். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி தலைநாய் என்னைப் பாத்துட்டு, மொத்த வண்டியையும் இழுத்துக்கிட்டு வந்து என் மேல விழுந்துச்சு. ஊசார்க் பனியில உருண்டான். "உன் நாய் மாப்பிள்ளையைக் கட்டி வைடி!"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. மத்தவங்க தாண்டிப் போயிட்டாங்க.

இடது கையால அதோட காதைத் தடவினேன். ஆஸ்பத்திரியில போட்ட கட்டைப் பிரிச்சாச்சு. விரல் ரெண்டையும் வெட்ட வேண்டாம்னுட்டார் டாக்டர். ஆனா மயிரா பனியான்னு ஒண்ணும் தெரியல. கண்ணால பாத்துத்தான் தடவினேன்.

நீ செஞ்சது சரின்னு அப்பா சொல்றார். இருக்கும். உன் மேல கோபம் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரல. வேற எதுவும் வரல.

இவாலு