உச்சிவெயிலில் பிடித்த கை

என் தங்கச்சி, என் சாமி பாவாயிக்கு,

நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உன் நோய்க்குப் பேர் என்னவென்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

எமர்ஜென்சி சமயம். கடலைக்காட்டில் களையெடுத்துவிட்டு வந்த உன் மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பாய்ப் படை. பிறகு மூட்டெல்லாம் வீங்கியது, முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. ஒருநாள் வலிப்பு வந்து விழுந்ததும், காத்துக்கருப்பு என்று அப்பா பூசாரியைக் கூட்டிவந்தார்.

உச்சிவெயிலில் உன்னைக் களத்தில் உட்காரவைத்துச் சாட்டையால் விளாசினான். நீ திமிறினாய். பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். "உடுங்ண்ணா, வெயிலு எரியுதுங்ண்ணா" என்று கதறினாய். அடியைச் சொல்லவில்லை, வெயிலைத்தான் சொன்னாய். உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? மூன்று நாள் அடித்தோம். நான்காம் நாள் நீ இல்லை.

போன மாசம் என் மகள் செல்வியின் முகத்தில் அதே சிவப்பு. ஒன்பது வயது அவளுக்கு. அப்பா மறுபடியும் அந்தப் பூசாரியோடு வாசலில் வந்து நின்றார். சாட்டையைப் பிடுங்கி அவன் முதுகு கிழிய விளாசினேன். தடுத்த அப்பாவை நெட்டித் தள்ளினேன். நெற்றி பிளந்து ரத்தம் வழிய, "பெத்தவன அடிக்கறயாடா?" என்றார்.

"அன்னைக்கே அடிச்சிருந்தா பாவாயி இருந்திருப்பாளுங்க" என்றேன்.

சூரமங்கலத்தில் ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இது லூபஸ். உடம்பே தன்னை அடிச்சுக்கிற நோய். வெயில் ஆகவே ஆகாது" என்றார் டாக்டரம்மா.

இந்த நோயுள்ள பெரியவர்கள், குழந்தைகள் எல்லாரையும் வருஷக்கணக்காய்த் தொடர்ந்து பார்த்து நோட்டில் எழுதி வருகிறார் அவர். பாதியில் வராமல் நின்றுவிடுகிறவர்களால்தான் இதன் போக்கு பிடிபடவில்லையாம். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

"எப்படி இறந்தாங்க?"

"அடிச்சே கொன்னுட்டோமுங்க. நாந்தான் கையப் புடிச்சுக்கிட்டேன்."

உன் பேரையும் அவர் அந்த நோட்டில் சேர்த்துக்கொண்டார்.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, ரத்தம் எடுக்க ஊசியைக் கொண்டுவந்ததும் செல்வி உன்னைப் போலவே திமிறினாள். "கையப் பிடிங்க" என்றாள் நர்ஸ். என்னால் முடியவில்லை, பாவாயி. வெளியே ஓடி, நெற்றி புடைக்கச் சுவரில் முட்டிக்கொண்டேன். அன்றைக்கு ரத்தம் எடுக்காமலே ஊர் திரும்பினோம்.

நாளைக்கு மறுபடியும் போகிறோம். இனி மூன்று மாசத்துக்கு ஒருதரம், அவள் கிழவியாகிற வரைக்கும், என் உயிர் உள்ளமட்டும் குடைபிடித்துக் கூட்டிப்போவேன். நாளைக்கு அவள் கையை நானே பிடிப்பேன். "உடுங்கப்பா" என்று அழுவாள். அந்த நேரம் நீ என் பக்கத்தில் வந்து நிற்பாயா?

அன்றைக்கு உன்னை விடாத அண்ணன்,
ராசு